உலைக்கும் இலைக்கும் இடையே: ஓர் இணையவழி யாப்பு வகுப்பைப் பற்றிய மதிப்புரை

எட்டு வாரம் நடந்த இணையவழி யாப்பிலக்கண வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். வாரத்திற்கு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், பன்னிரண்டு மாணவர்கள், ஓர் ஆசிரியை என்பதுதான் அதன் அமைப்பு. இதற்கு முன்பும் இத்தகைய வகுப்புகள் இரண்டில் சேர்ந்திருக்கிறேன். எழுத்து, எழுத்துகள் சேர்ந்த அசை, அசைகள் சேர்ந்த சீர் என்று வாய்பாட்டு அட்டவணையில் தொடங்கி, நேர்நேர் தேமா, நிரைநேர் புளிமா என்று மனப்பாடம் செய்ய வைத்து, ஒரு முழுப் பாட்டைக் கண்ணில் காட்டுவதற்குள் பாதிப் பேரை இழந்துவிடுவது அவற்றின் வழக்கம். இந்த வகுப்பு அப்படித் தொடங்கவில்லை. முதல் நாளிலேயே நான்கடி நகைச்சுவைப் பாட்டு ஒன்றைத் திரையில் வைத்தார்கள். அந்த ஒரே பாட்டை மூன்று வாரம் பிரித்தும் கோத்தும் பார்த்தோம். அந்த மூன்று வாரங்களுக்காகவே இந்த வகுப்பைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றியது.

பாட்டு, பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த காளமேகப் புலவருடைய வெண்பா. பலரும் பள்ளியிலோ பட்டிமன்றத்திலோ கேட்டிருக்கக்கூடியதுதான்.

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பசியோடு சத்திரத்திற்குப் போன புலவர், சோறு வரத் தாமதமானதால் பாடியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பொழுது சாயும்போதுதான் அரிசியே வந்து சேர்கிறது. அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடுகிறது. ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுகிறது. பொருள் இவ்வளவுதான். இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்பதுதான் ஆசிரியை எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. ஒவ்வொருவராக வாய்விட்டுப் படித்தோம். ஏறக்குறைய எல்லாரும் கடைசி அடியைத்தான் சொன்னோம்.

அவர் அடுத்துச் செய்தது எனக்கு இன்னும் மனத்தில் நிற்கிறது. கடைசி அடியை அழித்துவிட்டு, ‘இலையிலிடப் பொழுது விடியும்’ என்று எழுதி, மறுபடியும் படிக்கச் சொன்னார். பொருள் சிறிதும் மாறவில்லை. ஆனால் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. காரணத்தை அவர் பொருளில் தேடவில்லை, யாப்பில் காட்டினார்; அவர் செவிக்குக் காட்டியதை நான் இங்கே இலக்கணச் சொற்களில் சொல்கிறேன். ‘இலையிலிட’ என்பது காய்ச்சீர், அதாவது நேரசையில் முடியும் மூவசைச் சீர். அதன் பின் நேரசையில் (ஒற்று நீங்கலாக ஓரெழுத்து அசை) தொடங்கும் சீர்தான் வெண்பாவில் வர வேண்டும். ‘பொழுது’ நிரையில் (ஒற்று நீங்கலாக ஈரெழுத்து அசை) தொடங்குவதால், சீர்களின் இணைப்பான தளையில் வெண்பாவுக்கு ஆகாத கலித்தளை புகுந்து, செவி ஒரு கணம் இடறுகிறது. ‘விடியும்’ என்பதோ ஈரசைச் சீர். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதால் அது அங்கே நிற்கவே முடியாது. ‘எழும்’ என்ற ஒற்றை நிரையசையில் சட்டென்று வெட்டி முடிய வேண்டிய பாட்டு, ‘விடியும்’ என்று இழுபட்டுப் போகிறது. நகைச்சுவைத் துணுக்கைச் சொல்லி முடித்த பின்பும் ஒரு சொல் கூடுதலாகப் பேசுகிறவரை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். யாப்பு அந்தக் கூடுதல் சொல்லைத் தடுக்கிறது என்பதைப் பத்து நிமிடத்தில் புரிய வைத்த பிறகுதான் நேர், நிரை என்ற சொற்களையே அவர் வகுப்பில் பயன்படுத்தத் தொடங்கினார்.

இரண்டாம் வாரம் முழுவதும் அலகிட்டோம், அதாவது பாட்டை அசையும் சீருமாகப் பிரித்தோம். பதினைந்து சீர்களில் பத்துக் காய்ச்சீர், நான்கு தேமா, கடைசியில் ஒரு மலர். நிரையில் முடியும் ஈரசையான விளச்சீர் ஒன்றுகூட இல்லை. முதலடி நான்கும் காய்ச்சீர்களாகவே ஓடுவதால் பாட்டு பெரிய முழக்கத்தோடு, யாரையோ புகழப் போவது போலத் தொடங்குகிறது. கடலின் ஓசை, ஊரின் பெயர், சத்திரத்து உரிமையாளரின் பெயர் என்று எல்லாமே விருதுப் பெயர்களைப் போல வரிசையாக வருகின்றன. இந்த மிடுக்கு, பின்னால் வரப்போகும் வசைக்குப் போடப்பட்ட மேடை. இரண்டாம் அடியில்தான் முதன்முதலாகத் தேமா வருகிறது: ‘போதில்’. அங்கிருந்து காய்ச்சீரோடு மாச்சீரும் கலந்து வந்து, நடை பேச்சுக்கு அருகில் இறங்கிவிடுகிறது. வெண்பாவின் ஓசையான செப்பலில் இந்தக் கலப்பு நடையை இலக்கண நூலார் ஒழுகிசைச் செப்பல் என்பார்கள். முதலடி போலவே எல்லா அடிகளும் காய்ச்சீரின் பின் நேர் வரும் வெண்சீர் வெண்டளையாகவே சென்றிருந்தால் அது ஏந்திசைச் செப்பலாகியிருக்கும். அந்த மிடுக்கு கடைசிவரை தொடர்ந்திருந்தால், குறை சொல்லும் குரல் பாட்டுக்குள் நுழைய இடமே இருந்திருக்காது.

ஈற்றடியின் மூன்று சீர்களையும் அசை எண்ணிப் பார்க்கச் சொன்னபோது நாங்கள் கண்டது இன்னும் நுட்பமானது. ‘இலையிலிட’ மூன்று அசை, ‘வெள்ளி’ இரண்டு அசை, ‘எழும்’ ஓர் அசை. மூன்று, இரண்டு, ஒன்று என்று அடி சுருங்கிக்கொண்டே வந்து நிற்கிறது. புலவர் எண்ணிப் பார்த்துச் செய்தாரா என்று ஒருவர் கேட்டார். எண்ணிச் செய்தாலும் பழகிய செவியால் செய்தாலும் விளைவு ஒன்றுதான் என்று ஆசிரியை விடை சொன்னார். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. நாள்தோறும் வெண்பாவிலேயே பேசிப் பழகியவருக்கு அசை எண்ணுவது மூச்சு விடுவதைப் போன்றது.

தனிச்சொல்லைப் பற்றிய பாடம் இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி என்பேன். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீர், முதலிரண்டு அடிகளின் எதுகையைப் பெற்றுத் தனித்து நிற்கும் என்பது விதி. விதியை மட்டும் கற்றுக்கொண்டவர்கள் அந்த இடத்தை ‘மெத்த’, ‘நித்தம்’ போன்ற சொற்களால் அடைத்துவிடுவார்கள். காளமேகமோ அங்கே ‘குத்தி’ என்ற வினையெச்சத்தை வைக்கிறார். ‘அரிசிவரும்’ என்று கேட்டதும், சாப்பாடு நெருங்கிவிட்டது என்று பசித்தவன் நினைக்கிறான். அந்த நினைப்பின் மேல் ‘குத்தி’ என்ற சொல் உலக்கையைப் போல விழுகிறது. இனிமேல்தான் குத்தவே வேண்டும்! அதன் முன் ஒரு நிறுத்தம், அதன் பின் அடி முறிந்து இன்னொரு நிறுத்தம். இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே, ஒரு தேமாச் சீருக்குள், பல மணி நேர உழைப்பு அடங்கிவிடுகிறது. அச்சில் அந்தச் சிறு கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அதை வெறும் குறியீடாகவே கடந்து போயிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் என்னை அறியாமலே காத்திருக்கிறேன்.

எதுகை, மோனை பற்றிய பகுதியும் நன்றாகவே இருந்தது. ‘கத்து’, ‘அத்தமிக்கும்’, ‘குத்தி’ மூன்றிலும் இரண்டாம் எழுத்து தகரமெய். முதலடியின் கடைசிச் சீரான ‘சத்திரத்தில்’ என்பதிலும் அதுவே வருவதால் அடிக்குள்ளும் ஒரூஉ எதுகை அமைகிறது. ‘அஸ்தமிக்கும்’ என்ற சொல்லைத் தமிழாக்கி ‘அத்தமிக்கும்’ என்று ஆண்டதால்தான் இந்த எதுகை கிடைத்தது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள். மோனையில் மூன்றாம் அடிதான் செழிப்பானது. உலை, ஊர், ஓர் என்று இன எழுத்துகள் முதல் மூன்று சீர்களிலும் வருவதால் அது கூழை மோனை.

இங்கே ஒரு சுவையான தடங்கல் ஏற்பட்டது. சக மாணவர் ஒருவரிடம் சந்தி பிரிக்காத பழைய முறையில் அச்சான பாடம் இருந்தது. அவர் ‘ஊரடங்கு மோரகப்பை’ என்று படித்துவிட்டு, “இங்கே மோர் எங்கிருந்து வந்தது, அம்மா?” என்று உண்மையான ஐயத்தோடு கேட்டார். ஆசிரியை சிறிதும் அவசரப்படாமல், இரண்டு வடிவங்களையும் அருகருகே எழுதி, சந்தி சேர்த்தாலும் பிரித்தாலும் அசையும் தளையும் மாறாமல் நிற்பதை அலகிட்டே காட்டினார். சேர்த்து எழுதும்போது ஓகார மோனை கண்ணுக்கு மறைந்துபோகிறது என்பதும், மோனையைத் தேடக் கண்ணைவிடச் செவியைத்தான் நம்ப வேண்டும் என்பதும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே எங்களுக்குக் கிடைத்தன. தயாரித்து வந்த பாடத்தை விட்டுவிட்டு ஒரு மாணவரின் ஐயத்திற்காக இருபது நிமிடம் ஒதுக்கும் ஆசிரியரை இணைய வகுப்புகளில் நான் அதிகம் கண்டதில்லை.

பிறகு, திரும்ப வருதல். ‘உலையிலிட’, ‘இலையிலிட’ என்ற இரண்டு சீர்களிலும் முதலெழுத்தைத் தவிர மற்ற அனைத்தும் ஒன்றே. ஒரு மாணவி இதை மடக்கு என்றார். மடக்கில் வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தர வேண்டும்; இங்கே திரும்பி வரும் பகுதி பொருளில் மாறவில்லை என்பதால் இதைத் தலையாகு எதுகை என்பதே பொருத்தம் என்று திருத்தினார்கள். பெயரைவிட முக்கியமானது அது செய்யும் வேலை. உகரம் இகரமாகிறது, வேறொன்றும் மாறவில்லை. ஆனால் அந்த ஓர் உயிரெழுத்து மாறுவதற்குள் ஓர் இரவு முழுவதும் கழிந்துவிடுகிறது. உலைக்கும் இலைக்கும் உள்ள தூரம் செவிக்கு எவ்வளவு குறைவோ, வயிற்றுக்கு அவ்வளவு அதிகம். இரண்டு அடிகளும் ஒரே வார்ப்பில் தொடங்குவதால், மூன்றாம் அடியில் ‘ஊரடங்கும்’ என்று ஏமாந்த பசி, நான்காம் அடியிலும் அதேபோல் ஏமாறப் போகிறது என்பதைப் பாட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தெரிந்தே காத்திருக்கிறோம், தெரிந்தும் சிரிக்கிறோம். திரும்ப வருவது எப்படிச் சிரிப்பாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

மூன்றாம் வாரத்தைப் பற்றி எனக்கு முழு உடன்பாடு இல்லை. இந்தப் பாட்டை வசையாகக் கேட்ட காத்தான் வருந்தவே, புலவர் அதே சொற்களுக்கு வாழ்த்தாகவும் பொருள் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நாட்டில் அரிசி அருகிப்போகும் பஞ்ச காலத்திலும் இங்கே அரிசி வந்து குவியும். உலையில் இட்டதும் ஊரின் பசி அடங்கும். இலையில் இட்ட அன்னத்தின் வெண்மை விடிவெள்ளியைப் போல எழும் என்பது அந்த விளக்கம். இதற்கே வகுப்பின் பெரும்பகுதியைச் செலவிட்டார்கள். இரு பொருள் படப் பாடும் புலமைக்கு இது எடுத்துக்காட்டு என்பதை ஏற்கிறேன். ஆனால் யாப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால், இந்தப் பாட்டின் அசைவு முழுவதும் வசைக்காகவே செய்யப்பட்டிருக்கிறது. ‘குத்தி’ என்ற தனிச்சொல்லின் காத்திருப்பும், ஈற்றடியின் சுருக்கமும், உலை இலை என்ற எதிரொலியும் வாழ்த்துப் பொருளில் வேலையின்றி நிற்கின்றன. இதை வகுப்பில் கேட்டிருந்தால் நல்ல விவாதம் எழுந்திருக்கும். கேட்பதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அதே வாரத்தில் தொல்காப்பியத்தையும் தொட்டார்கள். அதன் மெய்ப்பாட்டியல், உணர்ச்சி வெளிப்பாடுகளான எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைப்பதையும், அந்த நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து பிறக்கும் என்று வகுப்பதையும் எடுத்துச் சொன்னார்கள். சத்திரத்துப் பாட்டு எள்ளலில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. வெண்பாவுக்குரிய ஓசையைச் செப்பலோசை என்கிறோம். கேட்டதற்கு விடை சொல்வது போன்ற ஓசை அது. ‘சத்திரத்தில் சாப்பாடு எப்படி?’ என்று யாரோ கேட்க, புலவர் நேராக விடை சொல்வது போலவே பாட்டு நடக்கிறது. எள்ளலுக்கு இத்தனை ஏற்ற ஓசை வேறு எந்தப் பாவிலும் இல்லை என்பது என் கருத்து.

நான்காம் வாரம் முதல் பழைய யாப்பிலக்கண நூலான யாப்பருங்கலக்காரிகையின் வரிசையில் பாடம் போனது. அதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. அமிதசாகரரின் நூற்பாக்களைக் குணசாகரர் உரையோடு பொறுமையாகப் படித்தோம். ஏற்கெனவே ஒரு பாட்டை நரம்பு நரம்பாகப் பார்த்துவிட்டதால், எந்த விதியும் வெறும் விதியாகத் தோன்றவில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு நகைச்சுவை வெண்பா எழுத வேண்டும் என்றார்கள். இரவல் போன குடையைப் பற்றி நான் எழுதியதன் முதல் வடிவத்தில் ஈற்றடி ‘மழைவிட்டால் வருவேன் என்று’ என இருந்தது. திருத்தி அனுப்பிய தாளில் ‘மழைவிட்டால்’ என்ற சொல்லுக்கும் ‘வருவேன்’ என்ற சொல்லுக்கும் இடையே சிவப்புக் கோடு ஒன்றும், ‘காய் முன் நிரை’ என்ற குறிப்பும் இருந்தன. வேறு சொல் தேடி ஒரு மாலை முழுவதும் அலைந்த பின்புதான் இரண்டு சொற்களையும் இடம் மாற்றினால் போதும் என்பது தெரிந்தது. இரண்டாம் அடியில் ‘வந்ததே அன்றோ’ என்று நான் இட்டு நிரப்பியிருந்ததற்கு, ‘இது மோனைக்காக வந்த விருந்தாளி, பாட்டில் இதற்கு வேலை இல்லை’ என்று எழுதியிருந்தார். இரண்டையும் திருத்திய பின் பாட்டு இப்படி நின்றது:

குடையொன்று கேட்டான் கொடுத்தேன் மறுநாள்
அடைமழை கொட்டவும் அஞ்சிக் - குடையைத்
திரும்பத் தருவாயோ என்றேன் சிரித்தான்
வருவேன் மழைவிட்டால் என்று.

சொற்களை இடம் மாற்றியதால் தளை சரியானது மட்டுமல்ல. ‘திரும்ப’ என்பதற்கு ‘வருவேன்’ எதுகையாக வந்து சேர்ந்தது. வகரத்திற்கு மகரம் இன மோனையாக அமைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நகைச்சுவையே கூடிவிட்டது. முதலில் ‘வருவேன்’ என்று நம்பிக்கை தந்துவிட்டு, பிறகுதான் ‘மழைவிட்டால்’ என்று அவன் குடையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறான். நான் முதலில் எழுதிய வரிசையில் அந்த ஏமாற்றம் தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. தளை தட்டிய இடமும் சிரிப்பு தட்டிய இடமும் ஒன்றாகவே இருந்ததை என் சொந்த வரியிலேயே பார்த்தது, இந்த வகுப்பு எனக்குத் தந்த மிகப் பெரிய பாடம்.

குறைகளும் உண்டு. பயிற்சிகளைச் சரிபார்க்க ஒரு யாப்பு மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அதன் எல்லைகளை முதலிலேயே விளக்கியிருக்க வேண்டும். ஒருவர் எழுதிய ‘அகப்பையிலே’ என்ற சீரை அது புளிமாங்கனி என்று காட்டி, நிரையில் முடியும் மூவசையான கனிச்சீர் வெண்பாவில் வராது என்று பிழை சொன்னது. சொல்லின் இடையில் வரும் ஐகாரத்தைக் குறுக்கமாகக் கொண்டு குறிலாக அலகிட்டால் அது கருவிளங்காய் ஆகிவிடும் என்பதை ஆசிரியை அடுத்த வாரம் சொல்லும்வரை, அந்த மாணவர் நல்ல வரி ஒன்றை அழித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டிருந்தார். திருத்திய தாள்கள் கைக்கு வரப் பத்து நாள் வரை ஆனது. வாரந்தோறும் பயிற்சி தரும் வகுப்பில் இது நீண்ட இடைவெளி. வகுப்பின் பதிவுகளை ஏழு நாள்தான் பார்க்க முடியும் என்ற கட்டுப்பாட்டுக்கு எனக்குக் காரணம் விளங்கவில்லை. அலகிடுவதை ஒரே முறை கேட்டு யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆசிரிய விருத்தத்தையும் சந்தப் பாக்களையும் எட்டாம் வாரத்தின் கடைசி நாற்பது நிமிடத்தில் அடைத்தது எல்லாவற்றிலும் பெரிய குறை. நகைச்சுவைக்குச் சந்தம் செய்யும் உதவி, வெண்பா செய்யும் உதவியைவிட எவ்வகையிலும் குறைந்ததில்லை.

ஏற்கெனவே வெண்பா எழுதத் தெரிந்தவர்கள் முதல் மூன்று வாரங்களுக்காகச் சேரலாம். அதன் பிறகு அவர்களுக்குப் புதிதாகக் கிடைப்பது குறைவு. பாட்டைப் படித்து மகிழத் தெரிந்தும் இலக்கணம் என்றாலே ஒதுங்கிப் போனவர்கள், சீர் பிரிக்கத் தெரியாமலேயே தயங்காமல் சேரலாம். சேருவதற்கு முன், திருத்திய தாள் எத்தனை நாளில் வரும் என்பதையும் பதிவுகள் எத்தனை நாள் இருக்கும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றில் விருத்தத்திற்குத் தனியாக இரண்டு வாரம் ஒதுக்கப்போவதாக ஆசிரியை கடைசி நாளில் சொன்னார். அந்த இரண்டு வாரத்திற்கு மட்டும் சேர முடியுமா என்று கேட்டு அன்றிரவே எழுதியிருக்கிறேன்.